திரும்பிய முகம்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் அநேகர். 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் மராட்டியர்களின் ராணுவ அரண்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் சேர்த்தபோது, அவற்றில் ஒன்றாகச் செஞ்சியும் இடம் பெற்றது. ஆனால், கோட்டையைப் பார்த்தவர்களில் பலர், அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தூரத்திலுள்ள எங்கள் சிங்கவரத்துக்கு வராமலே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஓடிவிடுகிறார்கள். வந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும், மூச்சுக் கொஞ்சம் வாங்கும், அவ்வளவுதான். மேலே, மலையைக் குடைந்த பல்லவர் காலத்துக் குகையில், அந்தப் பாறையிலேயே செதுக்கப்பட்ட ரங்கநாதப் பெருமாள் பள்ளி கொண்டிருக்கிறார்.

இந்தப் பெருமாளைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. ராஜா தேசிங்குக்கு இவர் குலதெய்வம். ஆற்காட்டு நவாபின் சைன்யம் படையெடுத்து வந்தபோது, தேசிங்கு இந்தப் படிகளேறி வந்து போருக்கு உத்தரவு கேட்டானாம். போக வேண்டாம் என்று குறிப்பால் உணர்த்தப் பெருமாள் தம் முகத்தைத் திருப்பிக் கொண்டாராம். குறிப்பைப் பொருட்படுத்தாமல் இளைஞன் குதிரையேறினான். 1714-ஆம் ஆண்டில் போர்க்களத்தில் மாண்டான். பெருமாளின் முகம் இன்றைக்கும் சற்றே திரும்பியிருப்பதாகச் சொல்லிக் காட்டுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் நம் வகுப்புக் குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்று இந்தக் கதையைச் சொன்னோம். ஒரு சிறு பெண் எழுந்து, "ஸார், முகத்தைத் திருப்பிக்கிட்டா அவருக்கு எப்படிப் புரியும்? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள். குழந்தைகள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அந்தக் கேள்வி ஒரு நாள் நம் வீட்டு வாசலுக்கே வந்து நம்மைப் பிடித்துக் கொள்ளும் என்று அப்போது தெரியவில்லை.

நிற்க. இன்று நாம் எழுத எடுத்துக் கொண்டது பெருமாளைப் பற்றியல்ல, செல்போனைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், செல்போன் வழியாகக் குழந்தைகள் ஒருவரையொருவர் படுத்துகிற பாட்டைப் பற்றி.

பரிகாசம் என்பது புதிதாக முளைத்த சமாசாரம் அல்ல. நாம் படித்த காலத்திலும் பட்டப் பெயர்கள் இருந்தன. பள்ளிக்கூடத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதினார்கள். மொட்டைக் கடிதாசு போட்டார்கள். ஆனால் கரிக்கு மேல் ஒரு கை சுண்ணாம்பு பூசினால் எழுத்து மறைந்துவிடும். மாலை நாலரை மணிக்கு மணி அடித்தால், பரிகாசம் செய்தவன் அவன் வீட்டுக்கும், பட்டவன் தன் வீட்டுக்கும் போய்விடுவார்கள். வீடு என்பது ஒரு கோட்டை. அதற்குள் வந்துவிட்டால் அடுத்த நாள் காலை வரையில் பயமில்லை.

இப்போது அப்படியில்லை. பரிகாசம் சட்டைப் பையில் ஏறிக் கொண்டு வீட்டுக்குள் வருகிறது. சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருகிறது. படுக்கும்போது தலையணைக்கு அடியில் படுத்துக் கொள்கிறது. எழுதியவர் யார் என்றே தெரியாமல் பொய்ப் பெயரில் வரலாம். அதைப் பார்த்தவர்கள் பத்துப் பேரா, பத்தாயிரம் பேரா என்றும் தெரியாது. அதன் மேல் பூசுவதற்குச் சுண்ணாம்பும் கிடையாது.

இதற்கும் வெறும் விளையாட்டுக்கும் வித்தியாசம் என்ன என்று சிலர் கேட்கலாம். நார்வே தேசத்தில் 1983-ஆம் ஆண்டு, பள்ளிக்கூடங்களில் நடக்கும் இத்தகைய ஹிம்சையைத் தடுக்க நாடு முழுவதும் ஓர் இயக்கம் நடத்தினார்கள். அதற்கு முந்திய வருஷக் கடைசியில் மூன்று பையன்கள் தங்கள் உயிரை மாய்த்துக் கொண்டதுதான் அதற்குக் காரணம். அந்த வேலையில் முன்நின்ற டான் ஓல்வேயஸ் என்னும் மனோதத்துவ நிபுணர், ஹிம்சைக்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. செல்போன் வந்த பிறகு இரண்டாவது அடையாளத்தைக் கொஞ்சம் திருத்திக் கொள்ள வேண்டியிருக்கிறது. செய்கிறவன் ஒரே ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைப் பார்க்கிறவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து செய்து விடுகிறார்கள்.

இதையெல்லாம் நாம் புஸ்தகத்தில் படித்து, பெற்றோர் கூட்டத்தில் பிரசங்கமும் செய்திருக்கிறோம். பிரசங்கம் செய்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: விஷயம் பிறத்தியார் வீட்டில் நடக்கிறது என்று அவன் நினைத்துக் கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, செஞ்சியிலிருந்து ஒரு பெண்மணி நம் வீட்டுக்கு வந்தார். அவருடைய கணவர் நெல் வியாபாரி. ஒரே பையன், ஒன்பதாம் வகுப்பு. நம் குமாரனும் அதே வகுப்புத்தான். பையனை நமக்கு நன்றாகத் தெரியும். இனிமையான சாரீரம் அவனுக்கு. எந்த விழாவானாலும் கடவுள் வாழ்த்துப் பாடுவது அவன்தான்.

"ஸார், ரெண்டு மாசமாப் புள்ள சரியாச் சாப்பிடறதில்லை. திங்கக்கிழமை ஆனா வயித்து வலிங்கிறான். டாக்டரைப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டார். போன் டிங்குனு சத்தம் போட்டாத் தூக்கிப் போடுது அவனுக்கு. கோயிலுக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்கறான். பாடுடான்னா அழுகிறான்" என்றார் அந்த அம்மாள்.

வாசகர்கள் கவனிக்க வேண்டும்: அந்த அம்மாள் எந்தப் பிரசங்கமும் கேட்டவர் அல்ல. ஆனால் எந்த நிபுணரும் சொல்லக்கூடிய அடையாளங்கள் அத்தனையையும் ஒரு நிமிஷத்தில் சொல்லி விட்டார். தாயின் கண்ணுக்குத் தப்பியது ஒன்றுமில்லை. காரணம் ஒன்றுதான் தெரியவில்லை.

அதற்கு நாம் என்ன பதில் சொன்னோம்? இருபது வருஷத்துக்கு மேல் உபாத்திமைத் தொழில் செய்கிற பட்டதாரி, முதல் வார்த்தையாக என்ன சொன்னோம் தெரியுமா?

"பையன் கையில் செல்போனைக் கொடுத்தது யார் தப்பு?" என்று கேட்டோம்.

அந்த அம்மாளின் முகம் சுண்டிப் போயிற்று. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொரோனா சமயத்திலே பாடமெல்லாம் போன்லதான் வரும், கட்டாயம் வாங்கிக் கொடுங்கன்னு நீங்கதானே ஸார் சொன்னீங்க?" என்றார்.

உண்மைதான். 2020-ஆம் ஆண்டில் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது வீடு வீடாகச் சொல்லியனுப்பியவர்களில் நாமும் ஒருவர். கடன் வாங்கிப் போன் வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. அப்போது யந்திரத்தைக் குழந்தையின் கையில் கொடுக்கச் சொன்னோமே தவிர, அதில் என்னென்ன வரும், வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பாடமும் நடத்தவில்லை. நீந்தத் தெரியுமா என்று கேளாமல் பிள்ளையைக் கிணற்றில் இறக்கிவிட்டு, முழுகினால் 'ஏன் இறங்கினாய்?' என்று கேட்பது போல் இருந்தது நம் கேள்வி.

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். நம் வீட்டு அம்மாள்தான் அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, "போன்லே என்ன வந்ததுன்னு பார்த்தீங்களா, அக்கா?" என்று கேட்டாள். அவர் பையன் தூங்கும்போது ரகசியமாகப் பார்த்து, ஒன்றை மட்டும் தம்முடைய போனுக்கு அனுப்பி வைத்திருந்தார். அதை எடுத்துக் காட்டினார்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பையன் பாடுகிறான். குரல் உடைகிற வயது. உச்சியில் போகும்போது சாரீரம் பிசகிவிட்டது. அரை விநாடி. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அடுத்தாற்போல் ஓர் ஆடு கத்துகிற சப்தத்தைச் சேர்த்திருந்தார்கள். பையன், ஆடு, பையன், ஆடு என்று மாறி மாறி வந்தது. அதன் கீழே, பையனின் முகத்துக்குக் கொம்பும் தாடியும் வைத்து ஒரு ஸ்டிக்கர்.

படத்தைப் பார்த்தபோது நமக்கு அதிர்ச்சி ஏற்படவில்லை. அந்தச் சப்தத்தைக் கேட்டபோதுதான் ஏற்பட்டது. அந்த ஆட்டின் கத்தலை நாம் முன்பே கேட்டிருந்தோம். நம் வீட்டுக் கூடத்தில், இராச்சாப்பாட்டு வேளையில், நம் குமாரனின் போனிலிருந்து. "என்னடா அது?" என்று கேட்டதும், "ஒண்ணுமில்லேப்பா, சும்மா காமெடி" என்றான். நாமும் புன்சிரிப்புச் சிரித்துவிட்டு மோரை ஊற்றிக் கொண்டோம்.

அன்று இரவு குமாரனைக் கூப்பிட்டோம். முதலில், "நான் பண்ணலேப்பா, ஃபார்வர்டுதான் பண்ணினேன்" என்றான். பாடத்துக்காக உபாத்தியாயர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் ஒன்று. பிள்ளைகள் மட்டும் இருக்கிற குரூப் இன்னொன்று. இரண்டாவது குரூப் ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. மெல்ல மெல்ல விசாரித்ததில், வீடியோவை வெட்டியது வேறொரு பையன் என்றும், ஸ்டிக்கருக்குக் கொம்பு வைத்தது நம் குமாரன் என்றும் வெளிப்பட்டது.

"எல்லாரும் சிரிச்சாங்கப்பா. அவனும்தான் சிரிச்சான்" என்றான்.

காட்டச் சொன்னோம். பார்த்தால், அந்தப் பையனும் குரூப்பில் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பியிருந்தான். கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் பொம்மை. பொம்மை சிரித்தது உண்மைதான். அதை அனுப்பிய பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்து கொண்டிருந்தான் என்று அந்தப் பொம்மை சொல்லவில்லை. கூட்டம் சிரிக்கும்போது தானும் சிரிப்பதாகக் காட்டிக் கொள்வது, தனியாக நிற்கிறவனுக்கு உள்ள ஒரே தற்காப்பு என்பதை நம் குமாரன் அறியான். அறியாதது அவன் குற்றமா, அறிவிக்காதது நம் குற்றமா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

நமக்கு வந்த கோபத்தில் செல்போனைச் சுவரில் அறைந்து உடைக்கத்தான் கை போயிற்று. நம் வீட்டு அம்மாள் தடுத்தாள். "உடைச்சா என்ன ஆகும்? நாளைக்கு இவனுக்கே ஒண்ணு நடந்தா, நம்மகிட்டே வாயைத் திறப்பானா?" என்றாள். நம்முடைய பி.ஏ. பட்டம் அந்த நிமிஷத்தில் அவளுடைய ஒரு வார்த்தைக்குச் சமானமாகவில்லை.

ஆகையால் வேறொன்று செய்தோம். அந்தப் பையனைப் பற்றிக் குரூப்பில் வந்த வார்த்தைகளை முதலிலிருந்து கடைசி வரையில் உரக்கப் படிக்கச் சொன்னோம். நாமும் அவன் தாயாரும் எதிரே உட்கார்ந்தோம். ஐந்தாறு வரி வரையில் வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பிறகு போய்விட்டது. இருபது வரிக்கு மேல் குரல் கம்மிற்று. "நாளைக்கு ஸ்கூலுக்குப் புல்லு கட்டி எடுத்துட்டு வாடா" என்ற இடத்தில் நிறுத்திவிட்டான். "மேலே படி" என்றோம். "முடியலேப்பா" என்றான். "நீ ஒரு தடவை படிக்க முடியவில்லை, அவன் இரண்டு மாதமாகப் படித்துக் கொண்டிருக்கிறான்" என்று மட்டும் சொன்னோம்.

மறுநாள் மாலை குமாரனை அழைத்துக் கொண்டு செஞ்சிக்குப் போனோம். பையனின் தகப்பனார் கண்ணியமான மனிதர். விஷயத்தைச் சொன்னதும், நமக்குச் சங்கடம் வரக்கூடாதென்று, "விடுங்க ஸார், பசங்க விளையாட்டுத்தானே! இதுக்கெல்லாம் நீங்க வரணுமா?" என்றார். மரியாதைக்காகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்தபோது, கதவோரத்தில் நின்ற பையன் தலையைக் குனிந்து கொண்டு உள்ளே போகத் திரும்பினான். தன்னுடைய இரண்டு மாதத்து வேதனைக்குத் தன் வீட்டில் வைக்கப்பட்ட பெயர் 'விளையாட்டு' என்று தெரிந்து கொண்ட பிள்ளையின் முதுகை நாம் பார்த்தோம். "இல்லை, ஐயா, இது விளையாட்டு அல்ல. தப்பு எங்கள் வீட்டுப் பிள்ளையுடையது" என்று சற்று உரக்கவே சொன்னோம். பையன் நின்றான்.

நம் குமாரன் மன்னிப்புக் கேட்டான். பையன் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டான்: "எல்லார் போன்லேயிருந்தும் அதை எடுத்துட முடியுமா?"

நம் குமாரன் நம் முகத்தைப் பார்த்தான். நாம் பேசவில்லை. அவனே சொல்லட்டும் என்று இருந்தோம். வெகு நேரம் கழித்து, "முடியாதுடா" என்றான். அவன் வயதில் யாருக்கும் அதைவிடக் கடினமான பாடம் கிடைத்திராது.

முடியாதென்று சும்மா இருந்துவிடவும் இல்லை. அன்றிரவே குரூப்பில் தன் பெயரால் தப்பை ஒப்புக் கொண்டு எழுதினான். ஒவ்வொருவரையும் தனித் தனியே கேட்டு அழிக்கச் சொன்னான். பலர் அழித்தார்கள், சிலர் இவனையே ஆடு என்று அழைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர், யார் பெயரையும் சொல்லாமல், எல்லா வகுப்பிலும் பேசினார். வீடியோவை வெட்டிய பையனின் பெற்றோரையும் தனியாக அழைத்துப் பேசினார்.

இங்கே முடிந்தது நம் ஊர்க் கதை. எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சேலம் மாவட்டத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஓர் இளம் பட்டதாரிப் பெண்ணின் முகத்தை ஆபாசமான படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டான் ஒருவன். குடும்பத்தார் போலீஸாரிடம் புகார் கொடுத்தும் படம் உடனே நீக்கப்படவில்லை. மறுபடியும் ஒரு படம் வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக் கொண்டாள். அவள் எழுதி வைத்த கடிதத்தில், தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதையும், தன்னைப் பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்ற வேதனையையும் சொல்லியிருந்தாள். பின்னால் குற்றவாளி பிடிபட்டான். தாமதத்துக்காகப் போலீஸ் அதிகாரி வருத்தம் தெரிவித்தார். போன உயிர் போனதுதான். அந்தப் பெற்றோரைக் குறை கூற நமக்கு வாயில்லை. முன்பின் தெரியாத ஒரு பேய் வீட்டுக்குள் புகுந்தால் யாருக்கும் திகைப்பு உண்டாகும். ஆனால் அந்தக் கடிதம் தமிழ்நாட்டுப் பெற்றோர் அனைவருக்கும் எழுதப்பட்டது என்றே நாம் நினைக்கிறோம்.

குழந்தைகள் ஏன் சொல்லுவதில்லை? இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நம் மாணவர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்தோம். சுற்றி வளைத்து இரண்டு பயம்தான் வெளிப்பட்டது. ஒன்று, 'போனைப் பிடுங்கிக் கொள்வார்கள்' என்பது. இரண்டாவது, 'நீ என்ன செய்தாய்?' என்று தன்னையே கேட்பார்கள் என்பது. நாம் அந்தத் தாயாரிடம் கேட்ட கேள்வியில் இந்த இரண்டும் அடக்கம்.

ஆகவே, வீட்டில் செய்ய வேண்டிய முதற் காரியத்துக்குப் பணமோ படிப்போ தேவையில்லை. குழந்தை சொல்லும்போது, "சொன்னது நல்லதாய்ப் போயிற்று. உன்மேல் தப்பில்லை. சேர்ந்து பார்த்துக் கொள்வோம்" என்று சொல்ல வேண்டும். போனைப் பிடுங்கினால் ஹிம்சை நிற்காது. குழந்தைக்கு மட்டும் அது தெரியாமல் நடக்கும். மற்றக் கேள்விகளைப் பிறகு நிதானமாகக் கேட்டுக் கொள்ளலாம்.

இரண்டாவது, பதிலுக்குத் திட்டி எழுதக் கூடாது. அது அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற காரியம். வந்ததை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடும் அனுப்பியவரின் எண்ணோடும் பத்திரப்படுத்த வேண்டும். அனுப்பியவர்கள் பிற்பாடு அழித்துவிடக் கூடும். அதன் பிறகு அந்த எண்ணைத் தடை செய்து, அந்தச் செயலியிலேயே புகார் பதிவு செய்யலாம்.

ஒரு முக்கியமான விலக்கு: குழந்தையின் உடலை ஆபாசமாகக் காட்டும் படமானால், அது நிஜமோ, ஒட்டு வேலையோ, அத்தாட்சிக்கென்று பிரதி எடுத்து உறவினருக்கும் உபாத்தியாயருக்கும் அனுப்பவே கூடாது. அத்தகைய படத்தை அனுப்புவதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 2024-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டார் இதை மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். படம் வந்த போனை அப்படியே கொண்டுபோய்ப் போலீஸாரிடம் காட்டுவதே முறை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் இத்தகைய படங்கள் பரவாமல் தடுக்க, 2023 முதல் 'டேக் இட் டவுன்' என்ற இலவச ஏற்பாடு ஒன்றும் நடந்து வருகிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதற்கு ஓர் இலக்க அடையாளம் மட்டும் நம் போனிலேயே தயாராகி, அதில் சேர்ந்துள்ள கம்பெனிகளுக்குப் போகிறது. அதைக் கொண்டு அவர்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்குகிறார்கள்.

மூன்றாவது, பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும். 'பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நடந்தது' என்று உபாத்தியாயர்கள் கையை உதறக் கூடாது. குரூப் வெளியே இருக்கலாம். குழந்தைகள் நம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். அங்கே பயன் கிடைக்காவிட்டால், தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண் இருக்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனம் நொந்து போன பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆறுதலும் ஆலோசனையும் சொல்ல 14416 என்ற எண்ணில் ஆட்கள் இருக்கிறார்கள். 'சாகலாம் போலிருக்கிறது' என்று குழந்தை ஒரு முறை சொன்னாலும், அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எண்ணாமல், அன்றே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும், தனியே விடக்கூடாது.

நான்காவது, மிரட்டல், பணம் பறித்தல், பொய்க் கணக்கு, ஆபாசம் என்று விஷயம் முற்றினால் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும், 2012-ஆம் ஆண்டுப் போக்ஸோ சட்டமும் இவற்றைக் குற்றமாக்கியிருக்கின்றன. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுதலாம். 1930 என்ற எண்ணில் பேசலாம். குற்றம் செய்தவரும் பதினெட்டு வயது நிரம்பாதவரானால், 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி விசாரிப்பார்கள். ஒரு பிள்ளையைக் காப்பதற்காக இன்னொரு பிள்ளையை ஒழித்துவிட வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கமல்ல.

ஐந்தாவது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் நம் வீட்டுக் கதையை வெட்கத்தை விட்டு எழுதினோம். 'என் குழந்தைக்கு யாராவது இப்படிச் செய்கிறார்களா?' என்று கேட்கிற பெற்றோர் உண்டு. 'என் குழந்தை யாருக்காவது இப்படிச் செய்கிறதா?' என்று கேட்கிறவர்கள் அருமை. போனைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் போனால் மூடிக் கொள்வது, ஒருவருக்கே இரண்டு மூன்று கணக்குகள் இருப்பது, எதைக் கேட்டாலும் 'சும்மா காமெடி' என்பது - இவையும் அடையாளங்கள்தாம். 'நான் ஃபார்வர்டுதான் பண்ணினேன்' என்பது சமாதானமல்ல என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கல்லை எடுத்துக் கொடுத்தவனுக்கும் எறிந்ததில் பங்கு உண்டு. பார்த்துக் கொண்டிருக்கிற நாற்பது பேரில் ஒருவன், 'போதும், நிறுத்துங்கடா' என்று எழுதினால் பாதி ஹிம்சை அங்கேயே ஓய்ந்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-ந் தேதியிலிருந்து, பதினாறு வயது நிரம்பாதவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக் கொள்ளக் கூடாதென்று சட்டம் அமல் செய்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் அப்படிச் செய்யலாமா, கூடாதா என்பது பெரியவர்கள் விவாதிக்க வேண்டிய விஷயம். எந்தச் சட்டமும் நம் வீட்டுக் கூடத்தில், மோர் ஊற்றிக் கொள்கிற நேரத்தில், வந்து உட்காரப் போவதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தாம்.

சென்ற புரட்டாசிச் சனிக்கிழமையன்று நம் வீட்டாருடன் மலைக்குப் போனோம். கூட்டம் அதிகம். பாதிப் படியில் அந்தப் பையனும் அவன் தாயாரும் ஏறிக் கொண்டிருந்தார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். பெரிய சிநேகம் ஒன்றும் ஏற்பட்டுவிடவில்லை, "என்னடா?" என்றான் ஒருவன்; "ஒண்ணுமில்லேடா" என்றான் மற்றவன். சந்நிதியில் எல்லோரும் நாமாவளி சொன்னபோது, பையனின் உதடு அசைவது தெரிந்தது. குரல் வந்ததா என்று சொல்ல முடியாது. கூட்டத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் தாயார் மட்டும் கண்ணை மூடிக் கொண்டு, காதை அவன் பக்கமாகச் சாய்த்து நின்றிருந்தார்.

தீபாராதனையில் பெருமாளின் திருமுகத்தைப் பார்த்தோம். அன்று அந்தச் சிறு பெண் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. பெருமாள் முகத்தைத் திருப்பிக் கொண்டதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். தெய்வத்தின் திருவுள்ளத்தை நாம் அறிவோமா? ஆனால் மனுஷ்யர்களாகிய நமக்கு அந்த உரிமை கிடையாது. குழந்தை படியேறி வந்து நிற்கும்போது, அதைப் பார்த்து உட்கார்ந்து, வாயைத் திறந்து பேசத்தான் வேண்டும்.